காலண்டர் காட்டிய மொழி

மூன்று வருடங்களுக்கு முன், ஆடிப்பெருக்கு அன்று, சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அன்று சாயங்காலம்தான் அம்மா எனக்குக் கெடு வைத்தார்.

பி.காம். முடித்துவிட்டு அங்கே அச்சுப் பிழை திருத்தும் புரூஃப் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் சேர வேண்டும் என்று கொள்ளை ஆசை. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் புரோகிராமிங் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். நாரணாபுரத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் அம்மா, கம்பெனி வேனைவிட்டு இறங்கிய கையோடு சொன்னார்.

"இந்தா பாரு தாயி, அடுத்த ஆடிப்பெருக்கு வரைக்கும் ஒம் போக்குல விடுதேன். அதுக்குள்ள வேலை கெடைக்கலன்னா, நான் சொல்லுத எடத்துல கழுத்த நீட்டணும்."

எந்த மொழியைப் படிப்பது? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பங்குச் சந்தையே சி பிளஸ் பிளஸில்தான் ஓடுகிறது என்றாள் ஒரு தோழி. கஷ்டமானதைப் படித்தால்தான் மதிப்பு என்று எனக்கும் ஒரு திமிர். பைத்தான் எல்லாம் சின்னப் பிள்ளைகள் படிப்பது என்று ஒதுக்கிவிட்டு, ஞாயிறுதோறும் சி பிளஸ் பிளஸ் வகுப்புக்கு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

அரசு விடுமுறைப் பட்டியல் வந்ததும் அச்சகத்தில் தலைக்கு மேல் வேலை. எல்லா புரூஃபிலும் தேதிகளை ஒப்பிட வேண்டும். நான் புரோகிராம் எழுதியே பார்த்துவிடுகிறேன் என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் ஆகியும் ஓடவில்லை. எங்கள் புரூஃப் பிரிவை நடத்திய அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நீ முடிக்கதுக்குள்ள பொங்கல் வந்துரும் போலயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஆத்திரத்தில், ஒதுக்கி வைத்த பைத்தானையே போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். இரண்டே நாளில் அதே வேலை ஓடியது. மறுநாள் அச்சேற வேண்டிய ஒரு காலண்டரில் ரம்ஜான் விடுமுறை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்ததை என் புரோகிராம் பிடித்தது. மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட புரூஃப் அது. அந்த மூவரில் நானும் ஒருத்தி. அண்ணாச்சி அந்த அச்சை நிறுத்தச் சொன்னார். நான் சி பிளஸ் பிளஸ் வகுப்பை நிறுத்தினேன்.

கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது சென்னையில் நேர்முகத் தேர்வு. கடன் தவணைத் தேதிகளைக் கணக்கிடும் புரோகிராம் எழுத வேண்டும், விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும் என்றார்கள். தேர்வுக்கு வந்த மற்றவர்கள் உடனே தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். முப்பத்தொன்றாம் தேதித் தவணை பிப்ரவரியில் எந்த நாளில் விழ வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் கொடுத்த பட்டியலில் வங்கி விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் இல்லையே, சேர்க்கவா என்றும் கேட்டேன். எதிரே இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்றார்.

"காலண்டர்லதாங்க" என்றேன்.

ஏன் பைத்தான் என்றும் கேட்டார். ஒரு வாரம் தோற்ற கதையை மறைக்காமல் சொன்னேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் வேலை உத்தரவு வந்தது. வேன் நிற்கும் இடத்துக்கே ஓடினேன். விஷயத்தைக் கேட்ட அம்மா, வேனைக் கிளம்ப விடாமல் ஒவ்வொருத்தரிடமும் சொல்லி முடித்தார்.

எந்த மொழி படிக்கலாம் என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் பெயர் எதுவும் சொல்வதில்லை. உங்கள் கையில் இப்போது என்ன வேலை இருக்கிறது என்றுதான் கேட்கிறேன், ஏனென்றால் நான் அவமானப்பட்ட அந்த புரூஃப் மேஜைதான் என்னைச் சென்னைக்கு அனுப்பி வைத்தது.