மாமாவின் தாடி

பித்தளைப் பிடி போட்ட அந்த ரேசர் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பிளேடு மாற்றி மாற்றி, தொழிற்சாலைக்குப் போன முப்பது வருஷமும் அதில்தான் முகம் மழித்தேன். ஆனால் அதில் முதலில் மழித்த முகம் என்னுடையதல்ல, என் அக்காள் கணவருடையது.

1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து எனக்கும் மாமாவுக்கும் ஒரே நாளில் இண்டர்வியூ கடிதம் வந்தது. அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமாவின் தாடி கழுத்தை மறைத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவிலும் தாடிதான். எனக்கோ எரிச்சல். "பரதேசி மாதிரி போய் நின்னா எவன் மாமா வேல குடுப்பான்? பொறக்கப்போற புள்ளைக்கு சோறு வாணாமா?" என்று கத்தினேன். சத்தியமாக அப்போது என் மனசில் கள்ளம் இல்லை. குழாயடியில் உட்கார வைத்து நானே மழித்துவிட்டேன். என் வெள்ளைச் சட்டையைக் கொடுத்து, இன் பண்ணிவிட்டேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுங்குவார்சத்திரத்தில் இறங்கி டீ குடிக்கும்போது கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, நாங்கள் இரண்டு பேரும் கேட்டிருந்த ஃபிட்டர் வேலைக்கு ஒரே ஓர் இடம். மாமா பட்டறையில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவர். நான் ஐ.டி.ஐ. பாஸ் பண்ணியதோடு சரி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

கேட்டில் காவலாளி விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "இன்னாபா, போட்டோல அம்மாந்தாடி கீது, நீ மொழுமொழுன்னு வந்து நிக்கிற? யாருக்குப் பதிலா வந்த?" மாமா சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "இவன் என் மச்சான்தான். கேட்டுப் பாருங்க." காவலாளி என் பக்கம் திரும்பினான்.

"ஊர்ல பாத்திருக்கேன். சரியா தெரியாது" என்றேன்.

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். வேலை எனக்குக் கிடைத்தது.

அடுத்த மாதம் குழந்தை இறந்தே பிறந்தது. "கத்தி பட்டுச்சே, புள்ள எப்பிடித் தங்கும்?" என்று அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் முன்னால் மாமாவைக் கேட்டாள். மழித்தது நான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சம்பளம் கொண்டுவரும் மகனை எந்தத் தாய் கேட்பாள்? நானும் மாமா வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அவர் முகத்தில் கத்தி பட்டதே இல்லை. கேட்டில் நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கங்கெட்ட தூக்கம்.

போன மாதம் மாமா இறந்துபோனார். குளிப்பாட்டுவதற்கு முன்னால் முகத்தைச் சுத்தம் செய்யலாம் என்றார்கள். நான்தான் முந்திக்கொண்டு, வீட்டுக்கு ஓடி ரேசரை எடுத்து வந்தேன். கடைசியாக அதையாவது செய்வோம் என்று நினைத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"வாணாம். தாடி அப்பிடியே இருக்கட்டும். அத எடுத்துட்டா உனக்கு இவர யாருன்னே தெரியாதே."