துத்தநாகம் பேசக் கூடாது

என்ன படிக்கிறாய் என்று கேட்ட உறவினர்களிடம் "வைரத்தை வைத்து ஆராய்ச்சி" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நான் பட்ட பாடு போதும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையும் நெல்லுமாகப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. அதன் பிறகு கல்யாண வீடுகளில் எல்லோரும் என் காதையும் கழுத்தையுமே உற்றுப் பார்த்தார்கள். அது அரிசி நொய் அளவுதான் இருக்கும், ஆலையில் செய்தது, வேண்டுமென்றே உள்ளே பழுது வைத்துச் செய்தது என்று விளக்கினால் இன்னும் குழம்பினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாதி நாள் நானே குழம்பித்தான் கிடந்தேன்.

அந்தப் பழுதில்தான் விஷயமே இருக்கிறது. வைரத்துக்குள் ஓரிடத்தில் கார்பன் அணு ஒன்று விடுபட்டிருக்கும். பக்கத்தில் நைட்ரஜன் அணு ஒன்று உட்கார்ந்திருக்கும். பச்சை லேசரைக் காட்டினால் அந்த இடம் சிவப்பாக ஒளிரும். அங்குள்ள எலக்ட்ரான்களின் ஸ்பினை, அதாவது அவற்றின் குட்டிக் காந்தத்தை, ஒரு நிலையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், அது அந்த நிலையை மெல்ல மறந்துபோகும். பக்கத்தில் காந்தத்தன்மை உள்ள மூலக்கூறு ஏதாவது இருந்தால் சீக்கிரமாக மறக்கும். தேங்காய் எண்ணும்போது யாராவது பக்கத்தில் நின்று தொணதொணத்தால் நமக்கு எண்ணிக்கை விட்டுப்போகிறதே, அப்படித்தான். எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து, பக்கத்து மூலக்கூறின் ஸ்பின் எப்படி நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கலாம் என்பது நான் ஆய்வுத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தது. வருஷக்கணக்கில் நான் கண்டது ஒன்றுமில்லை.

எனக்கு மூலக்கூறுகளைச் செய்து கொடுத்தவள் அதே ஆய்வுக்கூடத்தில் வேதியியல் ஆய்வு செய்த பெண், என்னைவிட இளையவள். தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். நடுவில் செம்பு அணு வைத்த மூலக்கூறு அவளுடையது. என் வைரம் அதன் ஸ்பினைக் கண்டுகொண்டால்தான் என் ஆய்வேடும் முடியும், அவளுடையதும் முடியும். இருவரும் ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் பூஜைவைப்புக்கு, நம்மூர் ஆயுத பூஜைதான், எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு, அவள் ஊர்க் கோயில் குங்குமத்தால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள். எங்கள் கைடு ஒரு மலையாளி. இதெல்லாம் தனக்கு நம்பிக்கையில்லை என்று சொல்லிக்கொண்டே, லேசரை விட்டுவிட்டாயே என்று கையைக் காட்டி அதற்கும் ஒன்று வைக்கச் சொன்னார்.

பூஜை முடிந்து வேலை தொடங்கியதும் செம்பு மூலக்கூறை வைத்து அளந்தேன். பூஜைக்கு முன்பு வெறும் வைரத்தை அளந்து வைத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவே கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிற வித்தியாசம். நான் நாற்காலியிலிருந்து எழவேயில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கைடு அன்றே கட்டுரையைத் தொடங்கச் சொன்னார், ஒரே ஒரு நிபந்தனையோடு. அதே மூலக்கூறில் செம்புக்குப் பதில் துத்தநாகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். துத்தநாகத்தில் ஜோடி சேராத எலக்ட்ரான் கிடையாது, அதனால் காந்தத்தன்மையும் கிடையாது. வைரத்தின் காதில் அது ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது.

பேசியது. செம்புக்குக் கொஞ்சமும் குறையாமல் பேசியது.

வாளையார் சாலையில் போகும் லாரிகளின் இரும்பைச் சந்தேகப்பட்டேன். ரயில் பாதையின் மின்கம்பியைச் சந்தேகப்பட்டேன். என் படிப்பையே சந்தேகப்பட்டேன். கடைசியில், துத்தநாகத்தில் செம்பு கலந்துவிட்டதா என்று அவளிடமே கேட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. மறுநாளிலிருந்து என்னோடு சாப்பிட வரவில்லை. ஆனால் புதிதாகச் செய்த துத்தநாகத்தை மட்டும் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் பேசியது.

ஒரு மதியம் வைரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியின் காந்தத்தை நகர்த்தி வைக்கும்போது அதன் விளிம்பில் சிவப்பாக மெல்லிய தூசு ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்து விரலால் துடைத்தேன். கோயில் வாசனை அடித்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு எங்கெங்க புள்ள பொட்டு வெச்ச?"

"எல்லாத்துலயுந்தானக்கா. வைரம் வைக்கிற கிளிப்புல தனியா ஒண்ணு வச்சேன். நம்ம ரெண்டு பேரு பொழப்பும் அதுலதான கெடக்கு."

அவள் பையிலிருந்த குங்குமத்தில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினேன். பொடி எழுந்து நின்று கூடவே நகர்ந்தது. நிறத்துக்காக ஏதோ இரும்புப் பொடியைக் கலந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை நான் மூலக்கூறின் கரைசலைச் சொட்டியபோதும் அந்தப் பொட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வைரத்தின் மேல் படர்ந்திருக்கிறது. கோபப்படுவதா, சிரிப்பதா, அவளைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. மூன்றும் ஒன்றாக வந்தன. அவள் சுவரில் சாய்ந்து நின்று, "நாந்தான் கெடுத்துட்டனாக்கா?" என்றாள். நான் காகிதத்தைக் குங்குமத்தோடு மடித்து எடுத்துக்கொண்டேன்.

கைடிடம் போய்ச் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொட்டு வைத்தது யார் என்று கேட்கவில்லை. லேசருக்குக் கை காட்டியவர் அல்லவா? கட்டுரையை நிறுத்திவிட்டு, புது வைரம், புதுக் கிளிப், எல்லாவற்றையும் முதலிலிருந்து என்றார்.

புது வைரம் வந்து சேர்வதற்குள் அடுத்த பூஜைவைப்பே வந்துவிட்டது. அவள் தட்டோடு எங்கள் அறைப் பக்கம் வந்து, வெளியிலேயே நின்றுவிட்டாள். நான் கேட்டுக்கொண்டதும் அதைத்தான். இருந்தாலும் அவள் அப்படி நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. கதவின் வெளிப்பக்கத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

பூஜை முடிந்தபின் புது வைரத்தை வைத்தேன். அவள் கைகழுவி, உறை மாட்டி, முக்காலியை இழுத்து என் பின்னால் உட்கார்ந்தாள். முதலில் துத்தநாகம். வைரத்தின் அளவு அசையவில்லை. பிறகு செம்பு. திரையில் துத்தநாகத்தின் கோட்டுக்கும் செம்பின் கோட்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. பழைய பொய் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அழகாக வந்தது! இது அதன் கால்தூசிக்குக் காணாது. மறுபடி மறுபடி அளந்தேன். இடைவெளி போகவில்லை.

"இருக்காக்கா?"

"இருக்குதாட்டத்தான் தெரியுது."

"நெசமாவா?"

ஆசைப்பட்டு ஆசைப்பட்டு என் கண்தான் அந்த இடைவெளியை உண்டாக்குகிறதோ என்று பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

"துத்தநாகத்தை இன்னொரு தடவ பாத்துருவோம்க்கா" என்றாள்.

பார்த்தோம். அது பேசவில்லை. அதன் பிறகுதான் அவள் அழுதாள்.