வெந்நீரில் கழுவிய ஸ்பூன்

செங்கல்பட்டுப் பக்கம் ராணுவத்துக்குக் கம்பிவடம் செய்து கொடுத்த கம்பெனியில் வேலை பார்த்தேன். வாசல் காவலாளிக்கு நரைத்த முறுக்கு மீசை. யார் வந்தாலும் "நாஸ்தா ஆச்சா?" என்று கேட்காமல் உள்ளே விடமாட்டார்.

கார்கில் சண்டையின்போது ஒரு காலை, எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டு, என்னோடு பஸ்ஸில் வந்திறங்கிய பாயை மட்டும் நிறுத்தினார். பாய் என் பக்கத்து மேசைக்காரர். ரம்ஜான் தவறாமல் அவர் வீட்டில் பிரியாணி சாப்பிடுகிறவர் இந்தக் காவலாளி. நாஸ்தா ஆச்சா என்று கேட்கவில்லை. பாயின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துச் சோற்றைக் கிளறினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க இது?" என்றேன்.

"ஆர்டரு சார்." பாயின் பக்கம் திரும்பினார். "ஸ்பூன் நம்ம வூட்டுதுதான் பாய். வெந்நீல கழுவி எடுத்தாந்துகீறேன்."

பாய் டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் டப்பாவைத் திறந்து காவலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதையும் கிளறுங்க."

அவர் சிரித்தார். "உங்களுக்கு இன்னாத்துக்கு சார்? உங்க பேரே போதும். நாஸ்தா ஆச்சா?"

காலையில் வெந்நீர் வைத்து அந்த ஸ்பூனைக் கழுவியபோது அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.