சிலையைச் செய்தவன் பெயர்

ஊரைவிட்டு வந்து பார்க்டேலில் நாங்கள் இருந்த அடுக்குமாடியிலிருந்து ஏரிப்பக்கமாகக் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு சிறிய பூங்கா வரும். அதில் ஒரு போலந்து இசையமைப்பாளரின் மார்பளவுச் சிலை நின்றது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் தினமும் காலையில் அங்கே போவேன். சீனி வியாதிக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் பணித்திருந்தார். சிலைக்கு எதிரே உட்கார ஒரு வாங்கு இருந்தபடியால் நடை அதோடு முடிந்துவிடும்.

சிலை தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்றீட்காரில் போகிறவர்களுக்கு வெண்கலத் தலைமயிர் மட்டுமே தெரியும். எங்கள் மாடிக்காரர் ஒருவர் அது யாரோ பழைய மேயர் என்று நம்பியிருந்தார். தூணில் ஒரு பித்தளைத் தகடு. அதில் இசையமைப்பாளரின் பெயர் பெரிதாகவும், நினைவுக் குழுவின் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் சற்றே சிறிதாகவும் இருந்தன. நான் ஊரில் அரசாங்க நிர்வாக சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன். அமைச்சரின் பெயரைவிடப் பாலத்தின் பெயர் பெரிதாகப் பொறித்த கல்லை என் சேவைக் காலம் முழுவதிலும் கண்டதில்லை. ஆகவே இந்தத் தகடு எனக்கு அடக்கமானதாகவே பட்டது.

அந்த வாங்கில் எனக்கு முன்னமே ஒரு கிழவர் வந்திருப்பார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்திலிருந்து வந்து, றொன்செஸ்வேல்ஸ் தெருவில் சப்பாத்துக் கடை நடத்தி, கடையையும் விற்று, மனைவியையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியாக இருந்தவர். இரண்டு பேரும் வெவ்வேறு இடங்களில் படித்த ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். வெகுகாலம் காலநிலையைப் பற்றித்தான் பேசினோம். ஒருநாள் அவர் தகட்டைக் காட்டினார்.

"எல்லோர் பெயரும் இருக்கிறது. இதைச் செய்தவன் பெயர் மட்டும் இல்லை."

"ஏன்?"

"குழுவோடு அவனுக்குச் சண்டை. அவனுடைய கைதான் இந்த முகத்தைச் செய்தது. ஏன் முகத்தை ஏரிப்பக்கம் திருப்பி வைத்தான் என்பதும் ஒரு கதை. அவன் செத்துப்போனான். குழுவும் செத்துப்போனது. நான் மட்டும் மிச்சம்."

பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இசையமைப்பாளரின் நினைவு நாளில் போலந்துச் சனங்கள் இங்கே வந்து மலர்வளையம் வைப்பார்களாம். அப்போது எழுந்து அந்தப் பெயரைச் சொல்லவேண்டும் என்று கிழவர் ஒவ்வொரு வருடமும் நினைப்பாராம். குழுக்காரர்கள் உயிரோடு இருந்தவரை முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம். அவர்கள் போனபிறகு கேட்க ஆளில்லை. அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் புறநகர்களில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். போன வருடம் வந்தவர்கள் அவரும் பாதிரியாரும் மாத்திரம், பாதிரியாருக்குத் தடிமனும் இருமலும்.

"என்னிடம் சொல்லுங்களேன்" என்றேன்.

"உங்களிடம் சொன்னால் அது வாங்கில் இருந்து அளந்த கதை. இந்தத் தகட்டுக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும். நாலு பேர் கேட்கவேண்டும். இந்த வருடம் விட்டால் இல்லை. பனிக்கு முன்னம் மகள் என்னைத் தூரத்தில் விட்பியில் உள்ள தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறாள்."

ஆட்கள்தான் வேண்டும் என்றால் அது எங்கள் சமூகத்தில் தட்டுப்பாடில்லாத பொருள். அன்று பின்னேரமே எங்கள் மாடியின் முதியோர் சங்கச் செயலாளரைப் பிடித்தேன். அவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கூட்டம் இல்லாத வாரத்தில் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

"ஆற்ற நினைவு நாள் அண்ணை?"

"ஒரு பியானோக்காரர். போலந்து. செத்து நூறு வருசத்துக்கு மேல."

"அப்ப ஒருத்தரும் அழத் தேவையில்லை. நல்லது. தேத்தண்ணி இருக்கோ?"

"தேத்தண்ணியும் ரோல்ஸும்."

"ரோல்ஸ் எண்டால் ஸ்காபரோவில இருந்தும் வருவினம்."

என் மனைவி உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "ஊரில கல்லுத் திறந்தது காணாதெண்டு இஞ்சயும் துவங்கியாச்சோ?"

பூங்காவுக்கான அனுமதியை நான் பொறுப்பேற்றேன். நகரசபை அலுவலகத்தில் இருந்த இளம்பெண், பத்திருபது பேர் கூடி நிற்பதற்கு அனுமதியே தேவையில்லை என்றாள். அப்படியானால் தேவையில்லை என்பதை எழுத்தில் தரும்படி கேட்டேன். அதைத் தருவதைவிட அனுமதியைத் தருவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

நிகழ்ச்சி நிரலைச் செயலாளர் தயாரித்தார். விளக்கேற்றல், மாலை அணிவித்தல், மௌன வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. எல்லாவற்றுக்கும் கடைசியில், நன்றியுரைக்குச் சற்று முன், பிரதம விருந்தினர் உரை. பிரதம விருந்தினர் கிழவர்.

"மனுசனை முதலே பேச விட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"என்ன அண்ணை, நீங்களே உப்பிடிச் சொல்லுறியள்? பிரதம விருந்தினரை முதல்ல விட்டு அவமதிக்கிறதோ? அதோட, எங்கட சனம் எப்ப வரும்? முதல்ல பேசினால் அந்தாள் வெறும் புல்லுக்குத்தான் பேசவேணும்."

மறுக்க முடியவில்லை. எந்த மேடையிலும் முக்கியமானவர் கடைசியில்தான் பேசுவார். நானே எத்தனையோ அமைச்சர்களைக் கடைசி வரை காக்கவைத்து மரியாதை செய்திருக்கிறேன்.

அன்று வானம் மூட்டமாக இருந்தது. கிழவர் கறுத்தக் கோட்டும் டையும் அணிந்து, சப்பாத்தை மினுக்கிக்கொண்டு நேரத்துக்கு முன்பே வந்து வாங்கில் அமர்ந்திருந்தார். மகள் காரைத் தெருவோரத்தில் நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தாள். எங்கள் ஆட்கள் வந்தார்கள். பிந்தித்தான் வந்தார்கள், ஆனால் நிறைய வந்தார்கள். கிழவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பேரை அந்தச் சிலைக்கு முன்னால் அவர் பல வருடங்களாகக் கண்டிருக்கமாட்டார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பிறகு காணவில்லை.

ஏரிக்காற்று விளக்கை எரியவிடவில்லை. நாலு பேர் ஜாக்கெட்டை விரித்து மறைப்புக் கட்டி, எப்படியோ ஒரு திரியைக் கொளுத்தி ஏற்றியதாகக் கணக்கு வைத்தோம். கார்னேஷன் பூவில் கட்டிய மாலையைச் சிலையின் கழுத்தில் போட்டபோது இசையமைப்பாளர் விருப்பமில்லாத மாப்பிள்ளை போல் இருந்தார். மௌன வணக்கம் மட்டும் குறித்த நேரத்தில் முடிந்தது. அதன்பின் பேச்சுத் தொடங்கியது.

பேசியவர்கள் எவரும் அந்த இசையில் ஒரு சுரத்தையும் கேட்டவர்களல்லர். அது ஒரு தடையாகவும் இருக்கவில்லை. சங்கத் தலைவர் இசைக்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். வாழ்த்துரைக்காரர் போலந்தும் எங்களைப் போல நாடிழந்து நின்ற தேசம் என்று தொடங்கி, எங்களைப் பற்றியே பேசி முடித்தார். சிறப்புரைக்காரர் நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுவதாக மூன்று தரம் உறுதியளித்தார். நான் கிழவரின் பக்கத்தில் இருந்து முடிந்தமட்டும் மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் என்னைக் கவனிக்கவில்லை. அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் குளிரில் நீலம் பாய்ந்திருந்தன.

செயலாளரிடம் சைகை காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு ஒலிவாங்கியை வாங்கி, பிரதம விருந்தினரை அறிமுகம் செய்யத் தொடங்கினார். அறிமுகமே ஓர் உரையாகப் போய்க்கொண்டிருந்தபோது மழை வந்தது. தூறலாக அல்ல, கொட்டிய மழை. சனம் தேத்தண்ணிக் கலனையும் ரோல்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஸ்றீட்கார் தரிப்புக் கூரைக்கு ஓடியது.

"ஓடாதேங்கோ, பிரதம விருந்தினர் இன்னும் பேசேல்லை!" என்று செயலாளர் கத்தினார்.

"அவரையும் இஞ்சால கூட்டிக்கொண்டு வாருங்கோ மாஸ்டர், ரோல்ஸ் சூடாயிருக்கு" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

கிழவர் எழுந்து தகட்டுக்கு முன்னால் போய் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் குடையைப் பிடித்தேன். "சொல்லுங்கள், நான் கேட்கிறேன்" என்றேன்.

அவர் காலியான புல்வெளியைப் பார்த்தார். "ஒரு ஆளுக்குச் சொல்வதென்றால் என் வீட்டுக் குசினியிலேயே சொல்லியிருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகள் காரிலிருந்து ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தாள். தரிப்பில் நின்றவர்கள் அவருக்குக் கைதட்டினார்கள். அவர் தொப்பியை உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.

பனி விழுந்தபிறகு ஒருமுறை ரயில் பிடித்து விட்பிக்குப் போனேன். புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்று. ஒரு மரம்கூட இல்லாத தெரு. வரவேற்பறையில் மகள் கோப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுபடியும் பெயரைக் கேட்டேன்.

"அங்கே சொல்கிறேன்" என்றார் கிழவர். "வசந்தத்தில் போவோம். உங்கள் ஆட்களையும் கூப்பிடுங்கள். ஆனால் முதலில் நான்."

"முதலில் நீங்கள்தான்" என்றேன். செயலாளரிடமும் சொல்லிவைத்தேன். வரவேற்புரையைக்கூட விட்டுக்கொடுக்க அவர் சம்மதித்தார். அந்த மனிதரிடமிருந்து அது பெரிய விட்டுக்கொடுப்பு. எந்த மாதத்தில் மழை குறைவு என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன்.

பனி கரையுமுன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். மாரடைப்பு. உடலை விட்பியில் ஒரு மரணச்சாலையில் அஞ்சலிக்கு வைத்திருந்தார்கள். போனேன். வந்திருந்தவர்கள் குறைவு. யாரும் யாரையும் நீட்டி அறிமுகம் செய்யவில்லை. மகள் எழுந்து, அப்பாவின் நண்பர், அந்தச் சிலையின் வரலாறு முழுவதையும் அப்பாவிடம் கேட்டறிந்தவர் என்று இரண்டு வரி சொல்லி, என்னை முதலில் பேசக் கூப்பிட்டாள்.

அவருடைய சப்பாத்தின் மினுக்கத்தைப் பற்றிச் சொன்னேன். காலை நேரத்து வாங்கைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பூங்காவுக்கு ஒரு சிலையைத் தந்தவர்களில் எல்லோருடைய பெயரும் தகட்டில் இல்லை என்று அவர் கவலைப்பட்டதைச் சொன்னேன். பிறகு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது மகள் வந்தாள். கையில் பேனா வைத்திருந்தாள்.

"அந்த மனிதருடைய பெயர் என்ன? அப்பா எங்களிடம் சொன்னதேயில்லை. நகரசபையில் கேட்டுத் தகட்டில் சேர்க்கப் பார்க்கலாம். அதற்கு என்ன நடைமுறை என்று உங்களுக்குத் தெரியும் என்றும் அப்பா சொன்னார்."

நடைமுறை எனக்குத் தெரியும். பெயர் தெரியாது என்றேன்.

அவள் நம்பாமல் பேனாவை மூடினாள்.

"ஆனால் அன்றைக்கு மழை வரும்வரை நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தீர்களே" என்றாள். "காருக்குள் இருந்து பார்த்தேன். அப்பாவைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன்."