சுருதி இறங்காத அணியின் பலகை

எங்கள் பல்கலைக்கழகத்தில், வாத்தியம் ஏதுமின்றி வாயால் மட்டுமே பாடும் குழு ஒன்று உண்டு. இசைத்துறை பியானோ அறையின் சாவியைத் தர மறுத்த ஆண்டில் பிறந்த அக்குழு, அந்த மறுப்பையே பின்னர்க் கொள்கையாக்கிக்கொண்டது. இயற்பியல் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் பயிற்சி நடக்கும். எதிரொலியின் தயவால் அங்கே எவரும் பாடகரே.

பாட்டுக்கு முன் ஒருவர் சுருதிக் குழலை ஊதுவார். உள்ளங்கையில் அடங்கும் அந்த வட்டக் கருவியில் சுரத்துக்கு ஒரு துளை. பாட்டு முடிந்ததும் அதே துளையில் மீண்டும் ஊதுவார். குரல்கள் இடையில் இறங்கியிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இறக்கியவரைத் தலைவர் சுட்டிக்காட்ட, அவர் அன்றே வெளியேற வேண்டும். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதிலாகச் சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'ஒருமுறையும் சுருதி இறங்காத அணி'.

முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த அணிக்குக் குழல் ஊதியவர், இன்று எடை அளவு ஆய்வாளர். கடைத்தெருவில் அவருக்குத் தராசம்மா என்று பெயர். வெங்காயக் கடைக்காரர் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததை அவர் ஒரு விரலால் கண்டுபிடித்தவர்.

"அஞ்சு கிராம்தானே மேடம்!"

"அஞ்சு கிராமும் திருட்டுதான் தம்பி. ரசீதுல கையெழுத்து போடுங்க."

இத்தகைய உத்தமியின் மகளும் அதே குழுவில்தான் பாடினாள். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள், உலர்ந்த துணிகளை மடித்தபடி அவள் கேட்டாள்.

"ஏம்மா, உங்க அணி மட்டும் எப்படி இறங்காம பாடுச்சு? நாளைக்கு நான் இறக்கிட்டேன்னா அவ்வளவுதான், வெளிய போயிடணும்."

"எல்லாம் பயிற்சிதான்" என்றார் தாய், ஒரே தலையணை உறையை மூன்றாம் முறையாக மடித்துக்கொண்டு.

உண்மையில் அந்த அணியும் அரைப்படி, அதாவது குழலில் ஒரு துளை அளவு, இறங்கத்தான் செய்தது. அதைக் கேட்ட இளம் குழல்காரி, தோழர்கள்மேல் இரக்கம் கொண்டு, பக்கத்துத் துளையில் உதட்டை வைத்து ஊதிவிட்டார். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவ்வளவு கண்ணீருக்குப்பின் உண்மை பேச யாருக்குத்தான் மனம் வரும்? ஆண்டு முழுவதும் பக்கத்துத் துளையே பணியாற்றியது.

விழாவுக்காகப் பலகையையும் கொண்டுவந்து மேடைச் சுவரில் திருகி மாட்டியிருந்தார்கள். மாணவர்கள் முதலில் பாடினார்கள். அரைப்படி இறங்கியது. குழுத்தலைவன் மகளைச் சுட்டினான்.

"பலகையப் பாரு. அவங்களால முடிஞ்சது உன்னால முடியலயே."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

அடுத்து, பலகைக்குரிய பழைய அணி மேடையேறியது. மூக்குக்கண்ணாடிகளும் முழங்கால் வலியுமாகப் பாடி, தாராளமாக ஒரு முழுப்படி இறங்கியது. தராசம்மாவின் உதடு பழக்க தோஷத்தால் இரண்டு துளைகள் நகர்ந்தது. வாசலில் மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு திரும்பி வந்தது. சரியான துளையில் ஊதினார். குரல்களும் குழலும் மோதியது, எதிரெதிரே வந்த இரண்டு பேருந்துகள் ஒருசேர ஒலியெழுப்பியது போல் இருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தாங்க இறங்கினோம்" என்றார் ஒலிவாங்கியில். "நான்தான் துளையை மாத்தி ஊதினேன்."

"அடிப்பாவி!" என்றார் அடித்தொண்டைப் பாடகர். "அந்தப் பலகையச் சொல்லித்தானே எனக்குப் பொண்ணே குடுத்தாங்க!"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்த தலைவன், "அப்ப எங்க விதி என்ன ஆகுறது மேடம்?" என்றான்.

"எந்தப் படிக்கல்ல வச்சு என் பொண்ண நிறுத்தீங்களோ, அது போலிப் படிக்கல்லு தம்பி. ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

பலகையைக் கழற்றிய அவர், கைப்பையிலிருந்து பறிமுதல் ரசீதுப் புத்தகத்தை எடுத்து முறைப்படி எழுதினார். பொருள்: பலகை ஒன்று. குற்றம்: உள்ளதைவிட உயர்வாகக் காட்டுதல். குற்றவாளி என்ற இடத்தில் தம் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டார்.

மகள் பையை இறக்கிவைத்துவிட்டு வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள். பலகை இப்போது ஆய்வாளர் அலுவலகக் கிடங்கில், வெங்காயக்காரரின் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது.