தீட்டுப் பட்டதாகச் சொல்லப்பட்ட ஜீப்

டீசல் இன்ஜினுக்குத் தீட்டுப் படுமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். ஆம்பூரில் பட்டப்படிப்பு முடித்த ஒருவர் படும் என்றார். சொன்னதோடு விடவில்லை. தன் ஓட்டுநரின் லைசென்ஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் தோல் வியாபாரி செந்தில்குமார். அவருடைய பழைய ஜீப் மலைக் கிராமங்களில் ஆட்டுத்தோலை வாங்கி, உப்புப் போட்டு, ஆம்பூருக்கு ஏற்றி வரும். பதினோரு வருடமாக அதை ஓட்டுபவர் ஆரோக்கியசாமி. போன வாரம் மலையில், அமிர்திக்கு மேலே ஓர் ஊரில் பிரசவ வலியில் துடித்த பெண்ணைப் பார்த்தார். தோல் கட்டுகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். வழியிலேயே, ஜீப்புக்குள்ளேயே, குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

மூன்றாம் நாள் காலை இன்ஜின் அசையவில்லை. "தீட்டு பட்டு ஜாமாயிடுச்சி. வேற இன்ஜின் போட்டுக் குடு, அப்புறம் லைசென்ஸு" என்றார் முதலாளி. லைசென்ஸ் இல்லாத ஓட்டுநரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்?

ஜீப்பைக் கயிறு கட்டி ஹயாத் பாஷாவின் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். பாஷா பதினாறு வயதில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஜெனரேட்டர் அறையில் எண்ணெய் துடைக்கப் போனவர். அங்கே இன்ஜின் நின்றுபோன ஒரு நாளில், யாரும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், அங்கேயே வேலை செய்த அவருடைய அண்ணன்மேல் பழியைப் போட்டுத் துரத்திவிட்டார்கள். ரேடியேட்டரில் ஓட்டை என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. அண்ணனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதிலிருந்து, கழற்றிப் பார்க்காமல் சொல்லப்படும் எந்தக் காரணத்தையும் பாஷா காதில் வாங்குவதில்லை.

கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க அதன் முன்பக்கக் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். கல் மாதிரி இருந்தது.

"பாத்தியா பாய், நான் சொல்லல?" என்றார் செந்தில்குமார்.

"கொஞ்சம் இரு சார், பேஜார் பண்ணாத." பாஷா ஆயிலைத் தொட்டுப் பார்த்தார். இரும்புத் தூளோ தண்ணீரோ இல்லை. ரேடியேட்டர் நிறைந்திருந்தது. ஆரோக்கியசாமியிடம் திரும்பினார். "ஓடும்போது நின்னுச்சா? இல்ல, நிறுத்திட்டு எடுக்கும்போது ஓடலியா?"

"ராத்திரி நல்லாத்தான் நிறுத்துனேன் பாய். காலைல சாவி போட்டேன். டக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான்."

"அப்ப இன்ஜின் மேல எனக்கு சந்தேகம் கம்மி." பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "சார், இன்னா இது? ஸ்டார்ட்டர் மேல ஊறுகாய் போட்டு வச்சிருக்க!"

தரைத்தகட்டின் ஓட்டைகள் வழியே, தோலிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர், மலை இறக்கத்தில் முன்னால் ஓடி ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் சொட்டியிருந்தது. வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உள்ளே துரு. காலையில் சாவி போட்டதும் அதன் பல்சக்கரம் முன்னால் பாய்ந்து, இன்ஜினின் பெரிய சக்கரத்தைக் கடித்து, விடாமல் பிடித்துக்கொண்டது.

ஸ்டார்ட்டரைக் கழற்றினார். மறுபடி ஸ்பேனரைப் போட்டார். புஸ்ஸென்று மூச்சு விட்டு இன்ஜின் சுற்றியது.

ஆரோக்கியசாமி அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "தோலுக்கு அடியில போட ஒரு தார்ப்பாய் வாங்கித் தாங்கன்னு ரெண்டு வருசமா கேக்குறேன், மொதலாளி."

செந்தில்குமார் குனிந்து தரைத்தகட்டின் ஓட்டைகளைப் பார்த்தார். பாஷா உப்புப் படிந்த கையை நீட்டினார். "தெனம் தோல் தூக்குற வண்டிக்கு இன்னா சார் தீட்டு? அந்த லைசென்ஸைக் குடு."

சட்டைப்பையிலிருந்து லைசென்ஸ் வெளியே வந்தது. ஆரோக்கியசாமி அதைப் பேன்ட்டில் துடைத்துப் பர்ஸில் வைத்தார். சாயங்காலத்துக்குள் ஸ்டார்ட்டரைத் துடைத்து, உள்ளே தேய்ந்திருந்த புஷ் வளையத்தை மாற்றி, மாட்டினார்கள். ஒரே சாவியில் ஜீப் உறுமியது.

உங்களிடம் வேலை செய்யும் ஓட்டுநரின் லைசென்ஸ் உங்கள் பீரோவில் இருக்கிறதா? இன்றைக்கே எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.