மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

கொடிகாமத்துக்குக் கிட்ட, ஒழுங்கையிலிருந்து லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரமொன்று திடீரென வீதியில் ஏறியது. பிரேக்கை ஊன்றி மிதித்தேன். அதன் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது. கிளச்சை மறந்ததில் எஞ்சினும் நின்றது. உழவு இயந்திரமும் குலுங்கி நிற்க, பெட்டியிலிருந்த பிளாஸ்ரிக் கான் சரிந்து மண்ணெண்ணெய் வழிந்தது.

ஓட்டிவந்தவர் இறங்கி ஓடிவந்தார். "தங்கச்சி, ஒண்டும் நடக்கேல்லையே?"

"இல்லை அண்ணை."

அந்த மணம்தான் என்னை விடவில்லை. பெற்றோலுக்குத் தடையிருந்த யுத்த காலத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் ஊசிமருந்துக் குப்பியிலிருந்து சில துளி பெற்றோல் விடுவார். அந்தத் துளிகளை மிச்சம்பிடிக்கப் பள்ளிக்கூட வாசலிலும் நிறுத்தமாட்டார். "குதி பிள்ளை" என்பார். ஓட்டத்திலேயே குதிப்பேன்.

சில நாள் அது தானாகவே நடுவழியில் நின்றுவிடும். குப்பியும் வெறுமையாக இருக்கும். அப்பா உருட்ட, நான் பின்னால் தள்ளுவேன். வீட்டில் வாய் திறக்காத மனிதர் அப்போதுதான் கதைப்பார், தான் தொண்டைமானாற்றில் நீந்தியதை, தன் அம்மாவை. அதற்காகவே, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் நின்றுவிட வேண்டுமென்று பின் சீற்றிலிருந்து நேர்ந்துகொள்வேன்.

"ஸ்ரார்ட் வருதோ எண்டு பாருங்கோ," என்றார் அந்த அண்ணை.

சாவியைத் திருப்பினேன். முதல் தரமே பிடித்துக்கொண்டது.